ஏ பிளாக் பூனையின் சமாதானச் செல்கள்

"பொது இடத்துல திரியுற எதுவா இருந்தாலும் அது அசோசியேஷன் சொத்துதாம்மா. பூனைக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"அப்போ தினமும் காலையில பார்க்கிங்ல நடக்குறீங்களே, நீங்களும் அசோசியேஷன் சொத்தா சார்? உங்களையும் சேர்த்து எழுதிக் குடுத்துரலாமா?"

செயலாளர் அரங்கநாயகம் சாரைப் பார்த்து இப்படிக் கேட்ட ஆள் எங்கள் பொன்மாரி அடுக்ககத்தில் அதுவரை யாரும் கிடையாது. ரிட்டயர் ஆன கணக்கதிகாரி. கூட்டத்தில் அவர் பேசினால் மற்றவர்கள் செல்போன் பார்ப்போம், கடைசியில் கை தூக்குவோம், கேசரி சாப்பிடுவோம். அன்று கேசரி ஆறிப்போய்க் கிடந்தது.

கேட்டவர் நூருன்னிஸா. தரைத்தளத்தில் தையல். கணவர் வேறு கல்யாணம் செய்துகொண்டு துபாயிலேயே தங்கிவிட்டார் என்பது ஊருக்கே தெரியும். அதைப் பற்றி நூரம்மாவிடம் விசாரித்துப் பதில் வாங்கியவர் யாருமில்லை. நானே வாங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சண்டை கலெக்டரைப் பற்றி. கலெக்டர் என்பது பூனை. வெள்ளை உடம்பு, தலையில் தொப்பி கவிழ்த்தாற்போல் கறுப்பு, குடும்பக் கட்டுப்பாடு ஆனதன் அடையாளமாக இடது காது நுனியில் ஒரு வெட்டு. காலையில் மாடி மாடியாகப் போய் ஒவ்வொரு வீட்டு அடுப்படியையும் பார்வையிட்டு, குறை கண்ட முகத்தோடு இறங்கிவருவார். அதனால் அந்தப் பெயர், அந்த மரியாதை. தூங்குவது மட்டும் நூரம்மாவின் தையல் மெஷின் மேல்.

"உங்க எல்லாருக்கும் புது லிஃப்ட் வருது," என்றார் அரங்கநாயகம் சார், நூரம்மாவை விட்டுவிட்டு எங்களைப் பார்த்து. "நிம்மதி பயோ கம்பெனி போட்டுத் தருது. நாம குடுக்கிறது ஒரு தெருப்பூனை."

லிஃப்ட் என்றதும் ஐந்தாவது மாடிக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எங்கள் லிஃப்ட் பேசும் லிஃப்ட். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுகொண்டு, 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று சொல்லும். வேறெதுவும் செய்யாது.

"அந்த ஊசியால நல்லானதே நீதானம்மா," என்றார் சார் மறுபடி. "உனக்கு ஆயுசுக்கும் இலவசமா போடுறேங்குறாங்க. எல்லாருக்கும் முன்னாடி நீல்ல பூனையைத் தூக்கிக் குடுக்கணும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அன்று எனக்கும் தோன்றியது. விஷயம் என்னவென்றால், நூரம்மாவின் விரல்கள் இரண்டு வருஷமாகவே மடங்கிக்கொண்டு வந்தன. காலையில் எழுந்தால் நடுப்பகல் வரை உள்ளங்கை திறக்காது. பட்டில் கொடியும் பூவும் போடுகிற ஆரி ஊசி பிடிக்கிற கை. திருச்சியில் பார்க்காத டாக்டர் இல்லை, தின்னாத மாத்திரை இல்லை. அந்த நேரத்தில்தான் நிம்மதி பயோக்காரர்கள் பூனைகளுக்கு இலவச முகாம் போட்டார்கள். கலெக்டருக்கு வாயெல்லாம் புண். மீனை முகர்ந்து பார்த்துவிட்டு அழுவார். நூரம்மா துண்டில் சுற்றிக் கொண்டுபோனார்.

முகாமில் இருந்தது டாக்டர் செங்குட்டுவன். ஒல்லி, உயரம், வாசல் நிலையில் தலை இடிக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழையத் தெரியாத பிள்ளை. கலெக்டருக்கு மயக்க ஊசி போட்டு, வயிற்றில் சின்னதாகக் கீறி, சுண்டைக்காய் அளவு கொழுப்பு எடுத்துக்கொண்டு போனார். அதிலிருந்து ஏதோ வளர்த்து, சில நாளில் கலெக்டருக்கே திரும்ப ஏற்றினார். மாதம் முடிவதற்குள் கலெக்டர் நெத்திலியைத் தலையோடு மென்றார்.

பிறகு மனிதர்களிடம் சோதித்துப் பார்க்க அனுமதி வந்தபோது, முதலில் பெயர் கொடுத்தது நூரம்மாதான். அன்று அவர் வீட்டில் நானும் இருந்தேன். ப்ளவுஸ் அளவு கொடுக்கப் போயிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"உங்க உடம்புல ஒரு காவல் படை இருக்கு அக்கா," என்றார் செங்குட்டுவன், ஸ்டூலில் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல். "கிருமி வந்தா அடிக்கிற வேலை. அது இப்போ உங்க மூட்டையே திருடன்னு நெனச்சு அடிக்குது. பூனைக் கொழுப்புல ஸ்டெம் செல்னு ஒண்ணு இருக்கு. அது போய் அந்தப் படையைச் சமாதானம் பண்ணும்."

"பூனையோட செல்லை என் உடம்பு வெச்சுக்குமா?"

"வெச்சுக்காது. கொஞ்ச நாள்ல துரத்திரும். வந்த விருந்தாளி கெளம்புறதுக்குள்ள சொல்லவேண்டியதைச் சொல்லிட்டுப் போற மாதிரி. ஆனா சும்மா எடுத்து ஏத்தினா அது சாதுவா ஒரு மூலையில உக்காந்துரும். அதனால முன்னாடியே தட்டுல வெச்சு அதுக்குக் கொஞ்சம் சண்டை வாசனை காட்டுவோம். காட்டினா வேகம் வரும். நாங்க பழக்குறதுன்னு சொல்லுவோம்."

எனக்கு இது உடனே புரிந்தது. எங்கள் பக்கம் சமாதானம் பேச வருகிறவர்கள் எல்லோருமே வாசலில் நின்று சண்டையை முழுசாகக் கேட்டுவிட்டுத்தானே உள்ளே வருவார்கள்.

முதல் ஊசி போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது ஊசிக்குப் பிறகு நூரம்மாவின் சுட்டுவிரல் நிமிர்ந்தது. மூன்றாவதில் கை திறந்தது. எப்போது திறந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் பிளாக்கில் அதுவரை யாரும் பார்த்திராத காரியமாக, நூரம்மா வாசலில் உட்கார்ந்து தனக்குத்தானே மருதாணி வைத்துக்கொண்டிருந்தார். அரங்கநாயகம் சார் மகள் தாரிணிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பட்டு ப்ளவுஸ் ஆரி வேலைக்கு வந்ததும் அப்போதுதான்.

இப்போது கூட்டத்துக்குத் திரும்புகிறேன்.

"குடுக்கிறேன் சார்," என்றார் நூரம்மா. "அங்க கொண்டுபோய் அவரை என்ன பண்ணுவீங்கன்னு டாக்டர் தம்பி சொல்லட்டும். சொன்னா குடுக்கிறேன்."

செங்குட்டுவன் பக்கத்தில் கம்பெனி மேனேஜர் நீலக் கோட்டில் நின்றார். பையன் அவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "தட்டுல பழக்குறதுக்கு ஒரு எல்லை இருக்கு அக்கா. ஆனா கலெக்டர்கிட்ட ஒண்ணு கண்டுபிடிச்சோம். முதல்ல எடுத்த செல் சாதாரணமாத்தான் இருந்தது. அதை அவருக்குள்ளயே ஏத்தின பிறகு, அவர் இன்னொரு முகாமுக்கு வந்தப்போ ரெண்டாவது தடவை எடுத்தோம் பாருங்க, அது ஏழெட்டு மடங்கு பலமா இருந்தது. உங்களுக்குக் கை திறந்தது அந்த ரெண்டாவது சாம்பிள்லதான். அப்படின்னா உடம்புக்குள்ளயே பழக்கினா பலம் கூடுது."

"உடம்புக்குள்ள எப்படித் தம்பி பழக்குவீங்க?"

"நோய் வர வைப்போம். அப்புறம் ஆத்துவோம்."

"அப்புறம்?"

"மறுபடி வர வைப்போம்."

பார்க்கிங்கில் கூடியிருந்த நாங்கள் எல்லோரும் செல்போனைக் கீழே வைத்தோம். லிஃப்ட் மட்டும் மேலே எங்கேயோ நன்றி சொன்னது.

"என் விரல் நீளுறதுக்கு அவருக்கு வாய் புண்ணாகணும். ஆறினா மறுபடி புண்ணாகணும். அதானே?"

"ஏம்மா, நீ கோழி சாப்பிடறதில்லையா?" என்றார் அரங்கநாயகம் சார்.

"சாப்பிடுறேன் சார். ஆனா ஒரு கோழியை ஒரு தடவைதான் அறுக்குறோம்."

கை தூக்கும் நேரம் வந்தது. பெரும்பாலான கைகள் லிஃப்டுக்காக மேலே போயின. என் கை எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள், நான் மூன்றாவது மாடி, முட்டி வலி உண்டு. நூரம்மா எல்லோரையும் வரிசையாக ஒரு தடவை பார்த்தார். "சரி. என்கிட்டயும் ஒரு கை இருக்கு. எனக்கு நாலாவது ஊசி வேண்டாம். அவரைக் கூட்டிட்டுப் போற வரைக்கும், போன பிறகும், எந்த ஊசியும் வேண்டாம். விரல் மடங்கட்டும். எல்லாரும் பாருங்க."

இதில் இருந்த சூட்சுமம் சாருக்கு அன்று புரியவில்லை. அவர் மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது, முகம் செத்துப்போயிற்று. தாரிணியின் ப்ளவுஸில் இடது கை வேலைதான் முடிந்திருந்தது. வலது கை வெறும் பட்டாக ஃப்ரேமில் கிடந்தது. எந்தத் தையல்காரரிடம் வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் பாருங்கள்: இன்னொருவர் வெட்டி ஊசி ஏற்றிய துணியைத் தொடமாட்டார்கள். காசு பிரச்சினை இல்லை, அது அவர்களுக்குள் ஒரு முறை. அம்மாவும் மகளும் கடைவீதி முழுக்க அலைந்தார்கள். எல்லோரும் வேலையைத் திருப்பிப் பார்த்து, "இது நூரம்மா கைவேலையாச்சே" என்று மடித்துக் கொடுத்துவிட்டார்கள். துணி நூரம்மாவின் ஃப்ரேமுக்கே திரும்பி வந்தது.

நூரம்மா தைக்க மாட்டேன் என்று சொல்லவில்லை, அதையும் சொல்லவேண்டும். தினமும் ஃப்ரேம் முன்னால் உட்கார்ந்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே உட்கார்ந்தார். போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்த்தோம். முதல் வாரம் கொடி ஒன்று ஓடியது. அடுத்த வாரம் ஒரு இலை. அப்புறம் ஊசி கையிலிருந்து விழ ஆரம்பித்தது. கலெக்டர் அதை எட்டிப் பார்ப்பார். நூரம்மா குனிந்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து எடுப்பார், மறுபடி குத்துவார், மறுபடி விழும். சோறு பிசைய முடியாமல் ஸ்பூனுக்கு மாறினார். ஸ்பூனும் விழுந்தது. தாரிணி வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாள். அந்தப் பெண் அப்பாவிடம் பேசுவதை நிறுத்தியது அன்றிலிருந்து.

"ஊசியைப் போட்டுக்கோயேன் நூரு," என்று நான்கூடக் கேட்டேன். "பூனை போறது போகத்தான் போகுது."

"போகட்டும் அக்கா. ஆனா நான் விலை வாங்கிக்கிட்டு அவர் போனதா இருக்கக்கூடாது."

வேன் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. கூண்டும் வலையும் கையுறையுமாக இரண்டு ஆட்கள், நீலக் கோட் மேனேஜர், பின்னால் செங்குட்டுவன். பையன் முகம் சரியில்லை. நூரம்மா கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். தாழ் போட விரல் வராமல் தாரிணிதான் போட்டாள், தானும் உள்ளே நின்றுகொண்டாள்.

ஆட்கள் கதவைத் தட்டவே இல்லை. கொஞ்ச நேரத்தில் பின்பக்கச் சுவர் ஓரமாகப் போய், கூண்டோடு திரும்பி வந்தார்கள். உள்ளே வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, வெட்டின காது. சீறிக்கொண்டிருந்தது.

"பிடிச்சாச்சு," என்றார் அரங்கநாயகம் சார்.

இங்கே அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். எங்கள் வளாகத்தில் இரண்டு பிளாக். ஆறு வருஷம் முன்பு கீழ்த்தொட்டித் தண்ணீர் யாருக்கு எவ்வளவு என்று வந்த சண்டையில் நடுவில் சுவர் எழுப்பி, அசோசியேஷனும் இரண்டாகி, அந்தப் பக்கத்துக்காரர்கள் கல்யாணத்துக்குக்கூட இந்தப் பக்கம் வருவதில்லை. இரண்டு பக்கமும் காபி குடிக்கும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு, ஏனென்றால் இரண்டு பக்கச் செய்தியும் என்னிடம்தான் கிடைக்கும். கலெக்டர் அந்தப் பக்கமும் போய்ச் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். துரோகி என்று நினைத்துக்கொண்டேன். அங்கே அவருக்கு ராஜப்பா என்று பெயர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, பி பிளாக் செயலாளர் அடைக்கலமேரி சிஸ்டர் வந்தார். தலைமை நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். நைட்டிமேல் துண்டு, கையில் தோசைக் கரண்டி.

"எங்க ராஜப்பாவை எவன்யா புடிச்சது?"

"இது ஏ பிளாக் பூனை," என்றார் அரங்கநாயகம் சார், ஆறு வருஷக் கோபத்தையும் சேர்த்து. "உங்க தொட்டி மாதிரி இதையும் உங்களோடதுன்னு சொல்லாதீங்க."

"என் மடியில வளர்ந்ததுய்யா. நான்தான் முகாமுக்குத் தூக்கிட்டுப் போனேன். டாக்டரே, நீங்க சொல்லுங்க. எங்க பக்கத்து முகாம்ல நான் கொண்டுவரல?"

செங்குட்டுவன் திரும்பினார். "கலெக்டரை மறுபடி கொண்டுவந்தீங்க. ஆமா."

"கலெக்டர் எவன்? இது ராஜப்பா."

அப்போது நூரம்மாவின் ஜன்னல் திறந்தது. கம்பிக்குப் பின்னால், தையல் மெஷின் மேல், இந்தக் கூச்சல் எதிலும் அக்கறையில்லாமல் ஒருவர் பின்னங்காலைத் தூக்கி நக்கிக்கொண்டிருந்தார். வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, வெட்டின காது.

கூண்டிலிருந்தது ஜன்னலைப் பார்த்தது. ஜன்னலிலிருந்தது கூண்டைப் பார்த்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"ஒரு ஈத்துக் குட்டிங்க," என்றார் சிஸ்டர். "நாங்க சுவர் கட்டினப்போ ஒண்ணு இந்தப் பக்கம் மாட்டியிருக்கும்."

செங்குட்டுவன் கூண்டின் முன்னால் மண்டியிட்டார். அந்தப் பூனையின் வயிற்றைப் பார்த்தார், தழும்பு இருந்தது. ஜன்னலுக்குப் போய் அந்த வயிற்றையும் பார்த்தார், அங்கேயும் இருந்தது. "ரெண்டாவது தடவை எடுத்தப்போ, முடி மூடியிருக்கும்னு நெனச்சுப் பழைய தழும்பை நான் தேடவே இல்ல." "நான் கேட்டேனே சார்," என்றார் அரங்கநாயகம் சாரிடம். "முகாம்ல எடுத்த பூனைப் படங்கள்ல ரெண்டு முகமும் ஒண்ணுன்னு கணினி சொன்னப்பவே உங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். பி பிளாக்ல இருந்தும் ஒரு பூனை வந்திருக்கு, அது வேறயான்னு. நீங்க என்ன சொன்னீங்க?"

சாருக்கு ஞாபகம் இருந்தது. எங்களுக்கும் சொல்லாமலே தெரிந்தது. அந்தப் பக்கம் தனியாக ஒரு பூனை இருப்பதாக அவர் ஒத்துக்கொண்டுவிடுவாரா? "அங்க இருக்கிற எதுவுமே அவங்களோடது இல்ல, எல்லாம் நம்மளோடதுன்னு எழுதிக்குங்க" என்றிருக்கிறார். எழுதிக்கொண்டார்கள்.

"அப்போ பலம் கூடவே இல்ல," என்றார் பையன், யாரிடம் என்றில்லாமல். "முதல் சாம்பிள் ஒரு பூனையோடது. ரெண்டாவது சாம்பிள் வேற பூனையோடது. ராஜப்பாவுக்குப் பொறவியிலேயே செல் அப்படி. உடம்புக்குள்ள பழக்குறதுங்கிறதே கெடையாது. இல்லாத ஒண்ணுக்காக நோய் குடுக்க இருந்தோம்."

மேனேஜருக்கு இதில் கஷ்டம் எதுவும் இல்லை. "நல்லதாப் போச்சு. அப்போ கூண்டுல இருக்கிறதுதான் வேணும். கெளம்பலாம்." ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்: "மேடம், உங்க பூனையை நீங்களே வெச்சுக்குங்க. உங்க கையைத் திறந்தது இதுதான். இது எங்ககூட வந்தா உங்களுக்கு ஊசி ஆயுசுக்கும் உண்டு. உங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

நான் நூரம்மாவைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தோம். தொட்டே பார்த்திராத பூனை. எதிரி வீட்டுச் சோறு தின்கிற பூனை. சரி என்று தலையாட்டினால் போதும். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். சொல்லியிருப்போம், ஆனால் கொஞ்ச நாளைக்குத்தான்.

நூரம்மா கதவைத் திறக்கச் சொல்லி வெளியே வந்தார். மடங்கின கையால் கூண்டின் கொக்கியைத் தள்ளினார். விரல் வரவில்லை. மணிக்கட்டால் தள்ளினார், வழுக்கியது. வேன் ஆள் தடுக்க வந்தான். சிஸ்டர் தோசைக் கரண்டியை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். தாரிணி வேன் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். "அப்பா, லிஃப்ட் வேண்டாம்னு சொல்லுங்க. இல்லன்னா எனக்குக் கல்யாணமும் வேண்டாம்னு நான் சொல்லுவேன்." ஐந்தாவது மாடிக்காரர்கள்கூட இறங்கி வந்து, வேனைச் சுற்றி, எதுவும் தெரியாதவர்கள்போல நின்றுகொண்டார்கள். நானும் நின்றேன். முட்டி வலியோடுதான்.

நூரம்மா குனிந்து பல்லால் கொக்கியை இழுத்தார். கூண்டு திறந்தது.

ராஜப்பா அவசரப்படவில்லை. வெளியே வந்து, சோம்பல் முறித்து, சுவர்மேல் ஏறி உட்கார்ந்து எங்களைப் பார்த்தார்.

"சம்பந்தம் கேட்டீங்களே," என்றார் நூரம்மா, வாயைத் துடைத்துக்கொண்டு. "என் கைக்குள்ள வந்துட்டுப் போயிருக்கார். அது போதாதா?"

"என் பூனையைத் திறந்துவிட உனக்கு யாரு அதிகாரம் குடுத்தது?" என்றார் சிஸ்டர். அவர் குணம் அப்படி. பிறகு அந்தக் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், நர்ஸ் பார்க்கிற மாதிரி. "ஏம்மா நூரு, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ? சுண்டைக்காய் கொழுப்புத்தானே. வீட்டுல வெச்சு நோகாம எடுக்கிறதுன்னா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்? ஆறு வருஷம் பேசாம இருந்தா அப்படியே இருந்துருவியா?"

கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. எந்தப் பூனை என்று அவர்களாலேயே எழுத முடியவில்லை, அதோடு அடங்கிவிட்டது. செங்குட்டுவன் அந்த வாரமே வேலையை விட்டார். கால்நடைக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து, தட்டில் மட்டும் பழக்கி, அனுமதியெல்லாம் புதிதாக வாங்கி, நூரம்மாவுக்கு அடுத்த ஊசி போட ஒரு வருஷத்துக்குமேல் ஆகிவிட்டது. காத்திருந்ததில் வலது கைச் சுண்டுவிரல் கடைசிவரை திறக்கவில்லை. மற்றவை திறந்தன.

தாரிணி ஒரு கையில் கொடியும் பூவும், இன்னொரு கையில் ஒரு கொடி, ஒரு இலை, மீதி வெறும் பட்டோடுதான் மணமேடை ஏறினாள். மாப்பிள்ளை வீட்டார் அதுதான் இப்போது ஃபேஷன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். ஓசூருக்குக் குடிபோய்விட்டாள். அங்கே பெண்கள் அதேபோல் தைத்துத் தரச்சொல்லி நூரம்மாவுக்குப் படம் அனுப்புகிறார்கள். செங்குட்டுவன், சிஸ்டர் மகள் பிரிசில்லாவைக் கட்டிக்கொண்டு நாகப்பட்டினம் போனார். பூனை பார்க்க வந்த பிள்ளை வேறு யாரையோ பார்க்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும். சர்ச் வாசலிலும் தலை இடித்தது.

லிஃப்ட் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறது. நூரம்மா பி பிளாக் தரைத்தளத்துக்கு மாறிவிட்டார். கலெக்டரும் மெஷின்மேல் உட்கார்ந்தபடியே கூடப் போனார். அடுத்த வாரமே ராஜப்பா சுவர் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டார். அரங்கநாயகம் சார் வீட்டு சோபாவில்தான் தூக்கம். சார் அவரைக் கலெக்டர் என்றுதான் கூப்பிடுகிறார், தன் கையால் முள் எடுத்து மீன் போடுகிறார். யாரும் திருத்தவில்லை. சிஸ்டர்கூட.